செகண்டரி கேன்சர்: ஒரே பேர்ல ரெண்டு நோய்

மார்பகப் புற்றுநோய் வந்தவங்களோட ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்துட்டு டாக்டர் "செகண்டரிஸ் இருக்கு"ன்னு சொன்னா, பெரும்பாலும் பழைய மார்பகப் புற்றே எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்குன்னுதான் அர்த்தம். ஆனா ரேடியேஷன் குடுத்து பல வருஷம் கழிச்சு அந்தக் கதிர் பட்ட எடத்துல புதுசா வேற ஒரு கேன்சர் வந்தா அதுக்கும் செகண்டரி கேன்சர்னுதான் பேரு. முதல்ல சொன்னது நுரையீரல்ல உக்காந்திருந்தாலும் மார்பகப் புற்று செல்தான், மருந்தும் அதுக்கேத்ததுதான் குடுப்பாங்க. ரெண்டாவது தனி நோய், பழசு முழுசா குணமானவங்களுக்கும் வரலாம்.

வேர்ச்சொல் லத்தீன் 'செகுண்டுஸ்', பின்தொடர்ந்து வர்றதுன்னு அர்த்தம், அதனாலயே ரெண்டுக்கும் பொருந்திப்போச்சு. தமிழ்ல "இரண்டாம் நிலைப் புற்றுநோய்"னு மாத்தினது இன்னும் மோசம், படிக்கிறவங்க ஸ்டேஜ் டூன்னு நெனச்சு பயந்துடுவாங்க. என்னைக் கேட்டா பரவினதுக்கு 'பரவல் புற்று', ரேடியேஷனால வந்ததுக்கு 'கதிர்தூண்டு புற்று', அவ்ளோதான். 'கதிர்' நல்லாவே பொருந்துது, ரேடியேஷனுக்கு மூலமான 'ரேடியுஸ்'ங்கற லத்தீன் சொல்லுக்கும் ஒளிக்கதிர்னு ஒரு பொருள் உண்டு (சக்கரத்தோட ஆரக்கால்னும் உண்டு). "இரண்டாம் முதன்மைப் புற்று"ன்னும் சிலர் எழுதுறாங்க, தப்பில்ல, ஆனா மரபணுவால இன்னொரு மார்பகத்துல புதுசா வர்றதும் அதுக்குள்ள வந்துடும்.

எது கதிரால வந்ததுன்னு எப்படி சொல்றது? எலும்புல வர்ற சார்கோமாங்கற புற்று வகைக்காக 1948ல டாக்டர் கேஹனும் கூட இருந்தவங்களும் வகுத்த அளவுகோல்தான் இன்னிக்கும் அடிப்படை: கதிர் பட்ட எடத்துக்குள்ளயே வந்திருக்கணும், நடுவுல வருஷக்கணக்குல இடைவெளி இருக்கணும், பயாப்ஸில திசு வகை பழசுலேர்ந்து வேறயா இருக்கணும். மார்பகத்துல இதுக்கு எடுப்பான உதாரணம் ஆஞ்சியோசார்கோமா, ரத்தக்குழாய் உள்சுவர் செல்லுலேர்ந்து வர்றது, ரொம்ப அபூர்வம். ஆரம்பத்துல கட்டியாவே இருக்காது, தோல்ல ஊதா நிறத்துல ரத்தம் கட்டின மாதிரி ஒரு திட்டு, எங்கயோ இடிச்சிக்கிட்டோம்னு விட்டுடுவாங்க, ஆனா சாதாரண ரத்தக்கட்டு ரெண்டு மூணு வாரத்துல மறைஞ்சிடும், இது மறையாது, பரவிக்கிட்டே போகும். அந்தப் பக்கம் ரேடியேஷன் வாங்கினவங்க அத டாக்டர்கிட்ட காட்டி, எத்தன வருஷம் முன்னாடி ரேடியேஷன் எடுத்தோம்னும் சேத்து சொல்லணும்.

மார்பகத்துக்குக் குடுக்கற கதிர் கொஞ்சம் நுரையீரல்லயும் படும், ஆனா அந்தக் கணக்கு வேற மாதிரி. 2017ல வந்த ஒரு பெரிய ஆய்வுக்கணிப்புப்படி, இப்போ இருக்கற ரேடியேஷன் முறையில கூடுதலா நுரையீரல் புற்று வர்றது தொடர்ந்து சிகரெட் பிடிக்கறவங்கள்ல நூத்துக்கு சுமார் 4 பேருக்கு, பிடிக்காதவங்கள்ல ஆயிரத்துக்கு சுமார் 3 பேருக்குத்தான். அதனால பெரும்பாலானவங்களுக்கு ரேடியேஷனால கிடைக்கற பலன்தான் பெருசு, சிகரெட் பிடிக்கறவங்க மட்டும் ரேடியேஷனுக்கு முன்னாடியே அத நிறுத்திடறது நல்லது.