கமெண்டா, கருத்துரையா?

"உங்கள் நண்பர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு கமெண்ட் போடுங்கள்" என்று இணைய வகுப்பில் ஆசிரியர் சொல்கிறார். பிள்ளைகள் காதில் அது எப்படி விழும்? நம் பேச்சில் கமெண்ட் என்றாலே அடிப்பதுதான். பஸ் ஸ்டாண்டில் நின்று கமெண்ட் அடிப்பது, கடைசி பெஞ்சிலிருந்து கமெண்ட் அடிப்பது. அதனால்தான் கட்டுரைக்குக் கீழே ஒன்று கேலி வருகிறது, இல்லாவிட்டால் 'சூப்பர்' என்று ஒற்றைச் சொல் வருகிறது. எழுதிய பிள்ளைக்கு இரண்டாலும் பயனில்லை.

சொல்லின் வேர் லத்தீன். மனத்தைக் குறிக்கும் 'மென்ஸ்' என்ற சொல்லுக்கு உறவான ஒரு வினையிலிருந்து 'கொமென்டும்' வந்தது. யோசித்து உருவாக்கியது என்பது முதல் பொருள், பிறகு நூலுக்கு எழுதும் விளக்கத்துக்கும் அதுவே பெயரானது.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. மறுமொழி என்றால் பதில், அவ்வளவுதான். பின்னூட்டம் 'ஃபீட்பேக்'கின் நேர்பெயர்ப்பு; மின்சுற்றில் வெளியே வரும் சைகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே செலுத்துவதற்கு வைத்த பெயர் அது. முதல் வரைவைப் படித்துத் திருத்தம் சொல்லும்போது இந்தச் சொல் நன்றாகப் பொருந்தும், அதில் ஊட்டமும் இருக்கிறது.

ஆனால் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்வது கருத்துரை. இன்றைக்கு இதை 'என் கருத்தைச் சொல்வது' என்று புரிந்துகொள்கிறோம். 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலுக்கு எழுதும் உரையின் கூறுகள் 14 என்று அடுக்கும்போது பாடத்துக்கு, அதாவது மூல வாசகத்துக்கு, அடுத்ததாகக் கருத்தை வைக்கிறது. அந்தக் கருத்து நூலாசிரியருடையது, அவர் என்ன சொல்ல வந்தார் என்பது. பழைய இலக்கண உரைகளைப் புரட்டினால் 'இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின்' என்றுதான் தொடங்கும், அதாவது இது எதைச் சொல்ல வருகிறது என்று கேட்டால். எவ்வளவு மரியாதையான தொடக்கம்! பாராட்டோ மறுப்போ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, பிள்ளைகள் இதை எப்படிச் செய்வது? ஊர்க்குளம் வற்றியதைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "குளத்தைவிட, தினமும் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் உன் தாத்தாவைப் பற்றித்தான் நீ சொல்ல வந்தாய் என்று நினைக்கிறேன், அவரை ஏன் ஒரே வரியில் முடித்துவிட்டாய்?" என்று தோழி எழுதினால் அது கருத்துரை. தன்னை ஒருத்தி முழுதாகப் படித்திருக்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும், அடுத்த கட்டுரையை அவள் பயமில்லாமல் எழுதுவாள். எழுத்துப்பிழையை எல்லார் முன்னாலும் சுட்ட வேண்டியதில்லை. கூகுள் கிளாஸ்ரூமில் ஆசிரியருக்கும் அந்த மாணவருக்கும் மட்டும் தெரியும்படி எழுதவே தனி இடம் இருக்கிறது.

ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமை கால் பங்குதான் வரும், இன்னொரு கால் பங்கு கூடப் படிப்பவர்களோடு பழகுவதில்தான் வரும் என்பதும் நன்னூல் கணக்குதான். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது.

வினையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 'கருத்துரை போடு' என்றால் பழைய வாடை அப்படியே இருக்கும், 'கருத்துரை எழுது' என்று சொல்லுங்கள்.