மின்சார ரயில் தடம் புரண்டால்: இழப்பீடு கை நழுவும் இடங்கள்

2025 பொங்கல் நாள் விடியற்காலையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய மெமு (குறுந்தூர மின்சார) ரயில், சிறிது தூரத்திலேயே தடம் புரண்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இருந்திருந்தால், இழப்பீடு கேட்கும் குடும்பம், இறந்தவர் அந்த ரயிலில் இருந்ததையே முதலில் நிரூபிக்க வேண்டி வந்திருக்கும். முன்பதிவு ரயிலில் பெயர்ப் பட்டியல் உண்டு. மின்சார ரயிலிலும் மெமுவிலும் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகின்றன.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 124ஆம் பிரிவுப்படி, ரயில் மோதினாலோ தடம் புரண்டாலோ யார் தவறு என்று பயணி நிரூபிக்கத் தேவையில்லை. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய், காயங்களுக்கு அட்டவணைப்படி.

ஆனால் இந்தப் பணம் தானாக வீடு தேடி வராது. விபத்து நடந்ததும் அதிகாரிகள் மருத்துவமனைக்கு வந்து தருவது கருணைத் தொகை. 2023 செப்டம்பரில் உயர்த்தியபடி உயிரிழப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம், லேசான காயத்துக்கு 50,000 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்று ஊர் திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. இழப்பீட்டுக்கு ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்த கடிதமோ கோட்ட அலுவலகத்தில் கொடுத்த மனுவோ இந்தக் கணக்கில் சேராது. "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்று அலையவிட்டே அந்த ஓராண்டைத் தின்றுவிடுவார்கள். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் தீர்ப்பாயம் ஏற்கலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அடுத்த கண்ணி மருத்துவமனைச் சீட்டு. லேசான அடிதானே என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறவரின் பெயர் காயமடைந்தோர் பட்டியலில் ஏறாது. இரண்டு நாள் கழித்து வீங்கிய காலோடு அரசு மருத்துவமனைக்குப் போனால், அவசரத்தில் இருக்கும் மருத்துவர் "கீழே விழுந்ததில் காயம்" என்று எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு வாதாடும். எந்த ரயில், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள். எந்த எலும்பு, எந்த இடத்தில் முறிந்தது என்பதும் தெளிவாக இருக்கட்டும். தொகை அதைப் பொறுத்தது. ரயில்வே போலீஸில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

டிக்கெட் தொலைந்துவிட்டதா? "டிக்கெட் இல்லையென்றால் ஒன்றும் இல்லை" என்று கவுன்ட்டரில் சொல்வதைக் கேட்டுத் திரும்பாதீர்கள். டிக்கெட் கைவசம் இல்லை என்பதாலேயே மனுவைத் தள்ள முடியாது என்று ரீனா தேவி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயணம் செய்ததைப் பிரமாணப் பத்திரத்தில் விவரமாகச் சொன்னால், அதை மறுக்கும் பொறுப்பு ரயில்வேயுடையது. சீசன் டிக்கெட்டை இன்றே படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். செல்போனில் எடுக்கும் டிக்கெட் செல்போனோடு நொறுங்கிப்போகலாம்.

இணையத்தில் முன்பதிவு செய்பவர்கள் சில காசுகளில் எடுக்கும் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு, சீசன் டிக்கெட்காரர்களுக்குக் கிடையாது. இருப்பதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. பெரிய விபத்தை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின்கீழ் வருபவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வருபவர். தகவல் தெரிந்தவர்கள் வரலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பு வரும். பயணிகள் போவது அரிது. போக வேண்டும். ரயில் நின்றபின் அறிவிப்பு வந்ததா, இறங்கச் சொன்னது யார், பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் வருமா என்று எவராவது சொன்னார்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் அருகே, தீப்பிடித்ததாகப் பரவிய வதந்தியால் ரயிலிலிருந்து இறங்கியவர்கள்மீது அடுத்த தண்டவாளத்தில் வந்த ரயில் மோதியது. குறைந்தது 12 பேர் இறந்தார்கள். உங்கள் பெட்டியில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்றால் அதையும் தேதி, நேரத்தோடு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.