ரோட் பைக்கா, ட்ரை பைக்கா: தோட்டத்துச் சாலையில் காற்றோடு ஒரு கணக்கு

அக்கா மகனுக்குப் போன வருடம் டிரையத்லான் ஆசை வந்துவிட்டது. நீச்சல் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஓட்டமும் பரவாயில்லை, சைக்கிள்தான் கையில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாற வந்தவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, ரோட் பைக் வாங்குறதா, ட்ரை பைக் வாங்குறதா? போட்டிக்கு ட்ரை பைக்தான்னா, பயிற்சியையும் அதுலயே செஞ்சிடலாம்ல?" ரோட் பைக் என்றால் வளைந்த ஹேண்டில் வைத்த வேகச் சைக்கிள், ட்ரை பைக் என்றால் டிரையத்லான் போட்டிக்கென்றே செய்த சைக்கிள். நியாயமான கேள்வி. கடையில் கேட்டால் விலையை வைத்துப் பதில் சொல்வார்கள், நண்பர்களைக் கேட்டால் பிராண்டை வைத்துச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இரண்டே விஷயத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். ஒன்று காற்று, இன்னொன்று நீ தினமும் ஓட்டப்போகிற ரோடு.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை. பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. பட்டணத்தை விட்டுக் கொஞ்ச தூரம் மிதித்தால் இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் நேரான ரோடு, மேடு என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. படத்தில் பார்த்தால் ட்ரை பைக்குக்கென்றே போட்ட ரோடு மாதிரி இருக்கும். ஓட்டிப் பார்த்தால்தான் வேறு கதை. அதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் காற்று.

சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் காலின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. அந்தக் காற்றும் சைக்கிள்மேல் படுவதைவிட நம் உடம்பின்மேல்தான் அதிகம் படுகிறது. மொத்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கோ அதற்கு மேலோ ஓட்டுகிற ஆளுடையது. அதனால் ஃபிரேமை எவ்வளவு கத்தி மாதிரி மெலிதாகச் செய்தாலும், அதன்மேல் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து இருந்தால் பெரிய பயன் இல்லை. ட்ரை பைக்கின் முழு ரகசியமும் உட்காரும் விதத்தில்தான் இருக்கிறது. ஹேண்டிலுக்கு நடுவில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகள், அதுதான் ஏரோ பார். முழங்கைகளை அதன் திண்டுகளில் ஊன்றி, முன்கைகளைச் சேர்த்து நீட்டி, முதுகைத் தட்டையாக்கிக்கொண்டால் காற்றுக்கு நாம் காட்டும் பரப்பு சுருங்குகிறது.

எவ்வளவு சுருங்குகிறது? பரப்பையும் வடிவத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்துக்கொள்வது வழக்கம். ரோட் பைக்கில் பிரேக் பிடிமேல் கை வைத்து ஓட்டும் சராசரி ஆளுக்கு அது 0.35 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், ஏரோ பாரில் நன்றாகப் படிந்தவருக்கு 0.27. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடும், அதை எதிர்க்க நாம் செலவழிக்கும் திறனோ மும்மடியாகக் கூடும். நம்ம ஊர்ச் சூட்டுக் காற்றின் அடர்த்தியைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், மணிக்கு 30 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் முதல் ஆள் 118 வாட் கொடுக்க வேண்டும், இரண்டாவது ஆளுக்கு 91 வாட் போதும். மிச்சம் 27 வாட். மணிக்கு 36 ஆனால் மிச்சம் 47 வாட். 20 கிலோமீட்டராகக் குறைந்தால் மிச்சம் வெறும் 8 வாட். மேட்டில் 15-இல் ஏறும்போது 3 வாட், அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த நான்கு எண்களையும் நான் அவனுக்கு ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தில் எழுதிக் காட்டினேன். ட்ரை பைக்கின் லாபம் வேகமாக, தொடர்ந்து, தனியாகப் போகிறவனுக்குத்தான் கிடைக்கும், அதுவும் வேகம் கூடக்கூட ஏறிக்கொண்டே போகும் என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது. சமதளத்தில் அதே உழைப்புக்கு, டயர் உராய்வையும் சேர்த்தே கணக்கிட்டாலும், 30-இல் போகிறவன் 32-ஐத் தாண்டிவிடுவான். லங்காவியில் 2000-இல் தொடங்கிய அயர்ன்மேன் மாதிரி நீண்ட போட்டியில் சைக்கிள் மட்டும் 180 கிலோமீட்டர். அவ்வளவும் சமதளம் என்று வைத்துக்கொண்டால் 25 நிமிடத்துக்கு மேல் மிச்சம். லங்காவியில் மேடு பள்ளம் உண்டு, அதனால் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லும் நேரமல்ல அது.

ஏரோ பாரின் பலத்தை உலகமே பார்த்த நாள் 1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே நேரத்தை எதிர்த்து ஓட்டும் தனிநபர் சைக்கிள் ஓட்டம். பிரான்ஸின் லோரன் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் டிரையத்லான்காரர்கள் அதற்கு முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்த ஏரோ பாரைப் பூட்டிக்கொண்டு, தலையில் நீண்ட வால் வைத்த ஹெல்மெட்டோடு புறப்பட்டார். ஃபின்யோன் வெறுந்தலையோடு, பின்னால் குடுமி பறக்க, ஏரோ பார் இல்லாத ஹேண்டிலில் போனார். அந்த 24.5 கிலோமீட்டரில் லெமாண்ட் 58 விநாடி எடுத்துவிட்டார். மூன்று வாரம் ஓடிய போட்டி வெறும் 8 விநாடியில் முடிந்தது. ஏரோ பார் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், லெமாண்டின் கால் அப்படிப்பட்ட கால். ஆனால் அதற்குப் பிறகு சமதளத் தனிநபர் சைக்கிள் ஓட்டத்தில் ஏரோ பார் இல்லாமல் அநேகமாக யாரும் வந்து நிற்பதில்லை.

சரி, அப்படியென்றால் ரோட் பைக்கில் ஒரு ஏரோ பாரைப் பூட்டிவிட்டால் போதாதா? பெரும்பகுதி லாபம் அதிலேயே வந்துவிடும், உண்மை. ஆனால் இடுப்பில் ஒரு சிக்கல். ரோட் பைக்கில் சீட்டைத் தாங்கும் குழாய் தரையோடு 73 டிகிரி சாய்வில் இருக்கும், நாம் பெடலுக்குச் சற்றுப் பின்னால் உட்காருவோம். அப்படியே முன்னால் குனிந்தால் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் குறைந்து, முழங்கால் மேலே வரும்போது வயிற்றில் இடிக்கிற மாதிரி ஆகிவிடும். மூச்சும் முட்டும், மிதிக்கும் பலமும் குறையும். ட்ரை பைக்கில் அந்தக் குழாய் 78 டிகிரிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். உட்கார்ந்திருக்கிற ஆளை அப்படியே பெடல் அச்சைச் சுற்றி முன்பக்கமாக உருட்டி வைத்த மாதிரி. முதுகு தட்டையாகிவிடும், ஆனால் இடுப்பு மடிப்பு இறுகாது. இப்படி உட்கார்ந்து ஓட்டினால் அடுத்து வரும் ஓட்டத்துக்குத் தொடை மிச்சமாகும் என்று பலர் சொல்கிறார்கள். ஆய்வுகள் எல்லாம் அதில் ஒரே முடிவைச் சொல்லவில்லை, அதனால் அதை நம்பிக் காசு போடச் சொல்ல மாட்டேன்.

இப்போது ரோடு. முடிவெடுப்பதற்கு முன் ஒருவரிடமிருந்து ஏரோ பார் பூட்டிய சைக்கிளை இரவல் வாங்கி அவனிடம் கொடுத்தேன். விடிந்தும் விடியாத நேரம், புக்கிட் ரோத்தான் பக்கம் போய்த் திரும்பலாம் என்று கிளம்பினோம். முழங்கையை ஊன்றி எத்தனை நிமிடம் இருக்கிறாய் என்று கைக்கடிகாரத்தில் கணக்கு வை என்று சொல்லியிருந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டியதில் 22 நிமிடம். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒன்று: சந்திப்பு, வேகத்தடை, லயத்து வாசலில் குறுக்கே ஓடும் நாய், மோட்டாரில் பால்வெட்டுக்குப் போகும் ஆள், ஒரு இடத்தில் ரோட்டைக் கடக்கவே மனமில்லாத உடும்பு.

ஆலைக்குத் திரும்பும் முனைதான் மோசம். குலை ஏற்றிய லாரி அங்கே வளையும்போது உதிரிப் பழங்கள் கொட்டும், அடுத்த லாரி அதன்மேல் ஏறி நசுக்கும். இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஆரஞ்சு நிறத்தில் நாரும் தோலுமாகத் தாரோடு ஒட்டிக் கிடந்தது, விரலை வைத்துத் தேய்த்தால் சமையல் எண்ணெய் தொட்ட மாதிரி வழுக்கியது. முந்தின இரவு மழை வேறு. 25 மில்லிமீட்டர் டயர் அதன்மேல் சாய்ந்து திரும்பினால் என்ன ஆகும் என்று விளக்கம் தேவையில்லை.

அந்த முனையில் ஏரோ பாரின் இன்னொரு முகம் தெரியும். கியர் மாற்றும் பொத்தான் ஏரோ பாரின் நுனியில் இருக்கும், பிரேக்கோ பக்கவாட்டு ஹேண்டிலில் இருக்கும். பிரேக் பிடிக்கக் கையை எடுத்து அங்கே கொண்டுபோக வேண்டும். அதற்கு அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள், மணிக்கு 35 கிலோமீட்டரில் அந்த அரை விநாடியில் சைக்கிள் கிட்டத்தட்ட 5 மீட்டர் போய்விடும், பிரேக் தொடாமலே. திருப்புவதும் அப்படித்தான். ரோட் பைக்கில் இரண்டு கையும் 40 சென்டிமீட்டர் அகலத்தில் பிடித்திருக்கும், ஏரோ பாரில் முழங்கைகள் நெருங்கி இருப்பதால் நெம்புகோல் குட்டையாகிவிடுகிறது, உடம்பின் எடையும் முன்சக்கரத்தின் பக்கம் கூடுகிறது. சின்ன அசைவுக்குச் சக்கரம் துள்ளும். ஆழமான விளிம்பு வைத்த சக்கரமும் போட்டிருந்தால், பக்கத்தில் லாரி கடக்கும்போது காற்று முன்சக்கரத்தைப் பிடித்து இழுப்பது கையில் நன்றாகத் தெரியும்.

கூட்டமாக ஓட்டும்போது ஏரோ பாரில் கை வைக்கவே கூடாது, இதில் நான் கண்டிப்பு. முன்னால் போகிறவர் திடீரென்று வேகத்தைக் குறைத்தால் உன் கை பிரேக்கில் இல்லை, பின்னால் வருகிற அத்தனை பேரும் உன்னை நம்பி வருகிறார்கள். மேலும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை சுமார் மூன்றில் ஒரு பங்கு தானாகவே குறைகிறது, அந்த இடத்தில் ஏரோ பாரின் வேலையை முன்னால் போகிறவரே செய்துவிடுகிறார். ஒலிம்பிக் டிரையத்லானில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகலாம் என்பதால் அங்கே வீரர்கள் ரோட் பைக்கில்தான் வருகிறார்கள். அயர்ன்மேன் மாதிரிப் போட்டிகளில் இடைவெளி விட்டுத் தனியாக ஓட்ட வேண்டும், ட்ரை பைக்கின் இடம் அது.

மேடு வேண்டுமென்றால் நாங்கள் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு குவாலா குபு பாரு போய், அங்கிருந்து ஃபிரேசர் மலைப் பக்கம் ஏறுவோம். வளைந்து வளைந்து ஏறும் ரோடு. ஏறும்போது வேகம் குறைவு என்பதால் காற்றின் கணக்கு அங்கே செல்லாது, நிமிர்ந்து மூச்சை இழுத்து, அவ்வப்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டும். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் விரல் நுனியில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ரோட் பைக்தான்.

இவ்வளவும் சொன்னதால் ட்ரை பைக் பயிற்சிக்கே ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 90 கிலோமீட்டர், 180 கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பவர் அந்த நிலையில் உடம்பைப் பழக்கியே ஆக வேண்டும். புதிதாகக் குனிபவருக்கு முதலில் பலம் குறையும், கழுத்துப் பின்புறம் வலிக்கும், சீட்டின் முனை வேறு இடத்தில் அழுத்தும். பழகச் சில வாரம் பிடிக்கும். தண்ணீர் குடிப்பதையும் அந்த நிலையை விடாமல் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், நம்ம ஊர் வெயிலில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ரோடு வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் பின்சக்கரத்தை மாட்டி, முன்னால் பெரிய மின்விசிறி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டு முன்கூடத்திலேயே ஒரு மணி நேரம் அசையாமல் குனிந்திருக்கலாம். நாயும் வராது, லாரியும் வராது. ரோட்டில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கிடைத்த 22 நிமிடத்தைவிட அது எவ்வளவோ மேல்.

அவன் கடைசியில் பழைய ரோட் பைக் ஒன்றை வாங்கினான், 28 மில்லிமீட்டர் டயர் ஏறும் ஃபிரேமாகப் பார்த்து. முதல் போட்டி 40 கிலோமீட்டர்தான் என்பதால் கழற்றிப் பூட்டும் ஏரோ பார் ஒன்றும் சேர்த்துக்கொண்டான். ஏரோ பார் பூட்டும் நாளில் சீட்டை முன்னால் தள்ள வேண்டும், தள்ளினால் பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் குறையும், அதனால் சில மில்லிமீட்டர் உயர்த்தவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்க முடியாதே. அக்காவின் நகப்பூச்சை எடுத்துச் சீட் கம்பியில் சிவப்பில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான். மேல்கோடு தோட்டத்து ரோட்டுக்கு, கீழ்க்கோடு ட்ரெய்னருக்கும் போட்டிக்கும்.