காட்டிக்கொடுக்கும் வெப்பம்

“பார்த்தாலே துகளின் போக்கு மாறிவிடுகிறதாமே, அப்படியென்றால் மனம்தான் உலகை உண்டாக்குகிறதா?” குவாண்டம் என்று வாயெடுத்தாலே வந்து நிற்கும் கேள்வி இது. இதற்குப் பதில் வியன்னாவில் 2004இல் மார்க்குஸ் ஆர்ன்ட், ஆன்டன் சைலிங்கர் குழுவினர் செய்த சோதனையில் இருக்கிறது. அங்கே ‘பார்த்தது’ மனிதரே அல்ல.

இரட்டைப் பிளவுச் சோதனை தெரிந்ததுதான்: இரு பிளவுகளை நோக்கி எலக்ட்ரான்களை அனுப்பினால், அவை அலைபோல இரண்டின் வழியாகவும் சென்று திரையில் வரிவரியாக விழும். எந்தப் பிளவின் வழியே போனது என்று பதிவானால் வரிகள் மறையும். எலக்ட்ரானுக்குப் பதிலாக இங்கே 70 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறு. உலையில் சுமார் 900 கெல்வினில் ஆவியாகி, நொடிக்கு 190 மீட்டர் வேகத்தில் பறக்கிறது, துகளே அலையாகவும் நடப்பதால் அதற்கும் ஓர் அலைநீளம் உண்டு: 2.5 பிக்கோமீட்டர். வழியில் 38 செ.மீ. இடைவெளிகளில் மூன்று தங்கக் கீற்றணிகள், அதாவது நுண்ணிய பிளவுகள் வரிசையாக வெட்டப்பட்ட தகடுகள். கீற்றுக்குக் கீற்று ஒரு மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது கீற்றணியை மெல்ல நகர்த்தியபடி எண்ணினால், வந்து சேரும் மூலக்கூறுகள் கூடும், குறையும், மறுபடி கூடும். இந்த ஏற்ற இறக்கம்தான் குறுக்கீட்டு வரிகள்.

இனிதான் விஷயம். 900 கெல்வின் என்பது இரும்பு மங்கலாகச் சிவக்கும் சூடு. அந்தச் சூட்டில் மூலக்கூறும் ஒளியை உமிழலாம். அந்த ஒளி அது போன வழியைக் காட்டிக்கொடுக்காதா? கொடுக்காது. சூடு கூடக்கூட ஒளியின் அலைநீளம் குறையும் என்னும் வீன் விதிப்படி, அந்தச் சூட்டில் ஒளி உச்சம் பெறும் அலைநீளம் ஏறக்குறைய 3 மைக்ரான். மூலக்கூறின் இரு வழிகளுக்கும் இடையே இருப்பதோ ஒரு மைக்ரான் அளவுதான். இவ்வளவு நீண்ட அலைக்கு இடதும் வலதும் ஒன்றே. போதாததற்கு, அந்தச் சூட்டில் ஃபோட்டான் என்னும் ஒளித்துகள் வெளிவருவதே அபூர்வம்.

சூட்டை ஏற்றிப் பார்க்க, கீற்றணிகளுக்கு முன்னால் பச்சை லேசரைக் குறுக்கே பாய்ச்சினார்கள். விழுங்கும் ஒவ்வொரு ஃபோட்டானும் மூலக்கூறின் சூட்டைச் சுமார் 140 கெல்வின் ஏற்றும். 3000 கெல்வினை நெருங்கும்போது உச்ச அலைநீளம் ஒரு மைக்ரானுக்கு இறங்குகிறது. ஃபோட்டான்களும் தாராளமாக வெளியேறுகின்றன. வரிகள் அழிந்தன. சட்டென்று அல்ல, லேசரின் திறனைக் கூட்டக் கூட்டப் படிப்படியாக. பாதித் தகவல் கசிந்தால் வரிகள் மங்கும், முழுதும் கசிந்தால் மறையும். எவ்வளவு கசிந்தால் எவ்வளவு மங்கும் என்பதற்குச் சமன்பாடே உண்டு.

அந்த ஃபோட்டான்களை யாரும் பிடிக்கவில்லை. வெற்றிட அறையின் சுவரில் பட்டு மறைந்தன. ஆகவே ‘தகவல்’ என்பது யாருக்கோ தெரிந்த சேதி அல்ல. ஒரு பொருளின் நிலை இன்னொன்றில் பதிவது. படிக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவு பதிவுதான். கீற்றணி அதிர்ந்தாலும் வரிகள் கலங்கும். ஆனால் அது வேறு கோளாறு. அங்கே வழி எங்கும் பதிவாவதில்லை, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து விழுகின்றன, அவ்வளவுதான்.

1961இல் பார்ப்பவரின் பிரக்ஞைக்கு இதில் பங்குண்டு என்று எழுதிய இயற்பியலாளர் யூஜின் விக்னர்கூடப் பின்னாளில் அதைக் கைவிட்டார். ‘குவாண்டம் சிகிச்சை’ என்று கட்டணம் வாங்குபவர்கள் பழைய விக்னரோடு நின்றுவிட்டது வசதிக்காகத்தான்.

ஒன்று மட்டும் தீரவில்லை. கசிவு, வரிகள் ஏன் மறைகின்றன என்பதைச் சொல்கிறது. பல விளைவுகளில் ஏன் ஒன்று மட்டும் நமக்குக் கிடைக்கிறது என்பதைச் சொல்லவில்லை. மற்றவையும் உலகின் வேறு கிளைகளில் நடக்கின்றன என்பது இயற்பியலாளர் ஹியூ எவரெட்டின் தரப்பு. கனமான பொருள் கசிவே இல்லாமல் தானாகவே ஒரு நிலைக்குச் சரியும் என்பது இன்னொரு தரப்பு. பின்னதைச் சோதிக்கலாம்: எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வியன்னா குழு 2019இல் 25,000 அணுநிறை அலகைத் தாண்டிய மூலக்கூறுகளை அனுப்பிப் பார்த்தது. வரிகள் அப்போதும் தெரிந்தன.