கே24 கிராண்ட்: சீனியர் டாக்டரோட கால்வாசி நேரத்தை அரசாங்கம் வாங்கிக்குற கணக்கு

அமெரிக்காவுல ருமட்டாலஜி (மூட்டு நோய்த் துறை) ஃபெல்லோவா, அதாவது மேற்பயிற்சி டாக்டரா, சேர்ற நம்மாளுங்க அடிக்கடி கேக்குற கேள்வி, "எங்க சீனியர்கிட்ட கே24 இருக்குன்னு சொல்றாங்க, அதுல எனக்கு என்ன இருக்கு?" அந்தப் பணம் அவர் பேர்லதான் வருது, ஆனா பாதி உங்களுக்காகத்தான் வருது. அவர் உக்காந்து உங்களுக்கு ஆராய்ச்சி சொல்லிக்குடுக்கணும், அதுக்கு அரசாங்கம் குடுக்குற சம்பளம் அது.

கே24ஓட முழுப் பேர்ல அவார்டுன்னு இருக்கும், ஷீல்டு சால்வை எதுவும் கிடையாது, இது கிராண்ட். குடுக்குறது அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச். மூட்டு, தசை, தோல் நோய்களுக்கு அதுக்குள்ள நயாம்ஸ்னு தனி இன்ஸ்டிடியூட் இருக்கு, அதனால முடக்குவாதம், லூபஸ், கவுட் மாதிரி விஷயங்கள்ல வேலை பண்ற டாக்டருங்க அங்கதான் போவாங்க.

இது எதுக்கு வந்துச்சுன்னா, 90கள்ல பேஷண்டை நேரா வச்சு ஆராய்ச்சி பண்ற டாக்டருங்க குறைஞ்சுகிட்டே போறாங்கன்னு அங்க பெரிய கவலை. படிச்சு முடிக்கும்போதே தலைக்கு மேல கடன், ஆஸ்பத்திரியில இன்னும் நாலு பேஷண்ட் பாருங்கன்னு நெருக்கடி, யாரு ஆராய்ச்சி பக்கம் வருவா? அப்போ என்ஐஎச் தலைவரா இருந்த ஹெரால்ட் வார்மஸ் 1995ல டேவிட் நேதன் தலைமையில ஒரு குழு போட்டாரு, 1997ல அவங்க ரிப்போர்ட் வந்துச்சு, 1998ல கே23, கே24 ரெண்டும் அறிவிச்சாங்க. கே23 கத்துக்குற இளசுகளுக்கு, கே24 கத்துக்குடுக்குற ஆளுக்கு. ஜோடித் திட்டம்னே வச்சுக்கலாம்.

யாருக்குக் கிடைக்கும்னா, எம்டி அல்லது அதுக்கு சமமான மருத்துவப் பட்டம் இருக்கணும், பொதுவா அசோசியேட் புரொபசர் லெவல்ல இருக்கறவங்க, கையில ஏற்கனவே சொந்தமா வாங்கின ஒரு ஆராய்ச்சி கிராண்ட் ஓடிக்கிட்டு இருக்கணும். கிளினிக்கல் சைக்காலஜி, நர்சிங் மாதிரி துறைகள்ல பிஎச்டி வாங்கினவங்களும் போடலாம். அமெரிக்க சிட்டிசனா இருக்கணும் இல்ல கிரீன் கார்டாவது இருக்கணும். ஊர்ல எம்பிபிஎஸ் முடிச்சுட்டு ஜே1 விசால வந்த தம்பி தங்கச்சிங்க இதைப் படிச்சுட்டு பயப்பட வேணாம், இந்த நிபந்தனை விண்ணப்பம் போடுற சீனியருக்கு. நீங்க அவர்கிட்ட கத்துக்குற ஆள்.

அடுத்து முக்கியமான ஒரு வடிகட்டி. ஆராய்ச்சி "பேஷண்ட் சார்ந்தது"ன்னு இருக்கணும், அதாவது ஆராய்ச்சி பண்றவர் பேஷண்டை நேர்ல பாத்துப் பேசிப் பழகுற மாதிரி இருக்கணும். யாரோ எடுத்து வச்ச மூட்டு திசுவை லேப்ல டிஷ்ல போட்டு மட்டும் பாக்குறேன்னா அது நல்ல ஆராய்ச்சியாவே இருந்தாலும் இதுல வராது.

இப்போ பணம். 3லிருந்து 5 வருஷம், அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை நீட்டிக்கலாம். அவர் வேலை நேரத்துல 25லிருந்து 50 சதவீதம் இதுக்கு ஒதுக்கணும், கே23 வாங்குற இளசுக்கு இதுவே குறைஞ்சது 75 சதவீதம். சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, 2025ல அது வருஷத்துக்கு 2,25,700 டாலர். உதாரணத்துக்கு ஒரு டாக்டர் 3 லட்சம் டாலர் வாங்குறாருன்னு வைங்க, 25 சதவீத நேரம்னா 75,000 ஆகணும், ஆனா உச்சவரம்பு கணக்குல 56,425தான் வரும், மிச்சம் 18,575ஐ டிபார்ட்மென்ட் பெடரல் பணம் இல்லாத வேற கணக்குலருந்து போட்டாகணும். இது போக ஓவர்ஹெட் வேற, அதாவது கட்டடம், நிர்வாகச் செலவுன்னு கிராண்டோட சேர்த்து யுனிவர்சிட்டிக்கு வர்ற பணம், சாதாரண கிராண்டுல யுனிவர்சிட்டிங்க 50 சதவீதத்துக்கு மேலகூட எடுத்துக்கும், கே கிராண்டுல வெறும் 8 சதவீதம். அதனால கே24 வந்தா நிர்வாகம் ஸ்வீட் எல்லாம் குடுக்காது, கௌரவம்னு தட்டிக்குடுத்துட்டு கணக்கைப் பாத்து பெருமூச்சு விடும். ஆராய்ச்சி செலவுக்கும் தனியா ஒரு தொகை உண்டு, அது இன்ஸ்டிடியூட்டுக்கு இன்ஸ்டிடியூட் மாறும்.

இவ்வளவு எதுக்குன்னு தோணும். அங்க டாக்டர் பாக்குற ஒவ்வொரு பேஷண்டுக்கும் ஆர்வியூன்னு பாயின்ட் ஏறும், அதை வச்சுத்தான் பல இடத்துல அவரோட வேலையை எடை போடுறாங்க. ஃபெல்லோ பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் சொல்லிக்குடுத்தா எத்தனை பாயின்ட்? ஒண்ணும் இல்ல. அந்த நேரத்தைத்தான் கே24 காசு குடுத்து வாங்குது.

அந்த ஒரு மணி நேரத்துல என்ன நடக்கும்னு ஒண்ணு சொல்றேன். முடக்குவாத ஆராய்ச்சியில 28 மூட்டை அழுத்திப் பாத்து எங்க வலிக்குதுன்னு எண்ணுவாங்க, தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால். எவ்வளவு அழுத்தணும்? அழுத்துறவரோட கட்டைவிரல் நகம் வெளுக்குற அளவுக்கு. புதுசா வர்ற ஃபெல்லோ பாவம் பாத்து மெதுவா தொட்டா எண்ணிக்கை குறையும், ஓங்கி அழுத்தினா ஏறும், ரெண்டு பேர் ரெண்டு மாதிரி அழுத்தினா மருந்து வேலை செஞ்சுதா டாக்டர் கை மாறுச்சான்னே தெரியாது. இதை பக்கத்துல நின்னு விரலைப் பிடிச்சுக் காட்டினாத்தான் வரும். இன்னொண்ணும் சொல்லிக்குடுப்பாங்க, அந்த 28ல பாதமே கிடையாது. பாதம் வீங்கி செருப்பு போட முடியாம நொண்டிக்கிட்டு வர்ற அம்மாவுக்கு மூட்டு எண்ணிக்கை பூஜ்யம்னு வரலாம். அதனாலதான் 1980ல ஸ்டான்ஃபோர்டுல ஜேம்ஸ் ஃப்ரைஸ் கொண்டுவந்த கேள்வித்தாள் மாதிரி ஒண்ணையும் சேர்த்து வைக்கிறாங்க, பட்டன் போட முடியுதா, ஷூ லேஸ் கட்ட முடியுதான்னு பேஷண்டையே கேக்குறது. எதை அளக்குறோம், எது விட்டுப்போகுதுன்னு இந்தக் கண்ணு வர்றதுக்குத்தான் மென்டார், அதாவது கூட இருந்து வழிகாட்டுற சீனியர், வேணும்.

விண்ணப்பத்துல ஆராய்ச்சித் திட்டம் தனி, மென்டாரிங் திட்டம் தனியா 6 பக்கம் வரைக்கும் எழுதணும். யாரை எடுப்பேன், எப்படிப் பாத்துப்பேன், இதுக்கு முன்னாடி என்கிட்ட கத்துக்கிட்டவங்க இப்போ எங்க இருக்காங்க, சொந்தமா கிராண்ட் வாங்கினாங்களா, எல்லாம் கேப்பாங்க. என்னைக் கேட்டா இந்தப் பட்டியல்தான் உண்மையான பரீட்சை, ஆராய்ச்சி பிரமாதமா இருந்தும் கிட்ட வந்த பசங்க எல்லாம் ரெண்டு வருஷத்துல தெறிச்சு ஓடியிருந்தா அது அங்க தெரிஞ்சுபோயிடும். விண்ணப்பத்துக்குப் போடுற மார்க் 10லிருந்து 90 வரைக்கும், கம்மியா வாங்கினாத்தான் நல்லது.

சேரப்போற ஃபெல்லோவுக்கு ஒரு விஷயம். என்ஐஎச் ரிப்போர்ட்டர்னு பொதுத் தளம் இருக்கு, காசு கிடையாது, சீனியர் பேரைப் போட்டா அவர் கிராண்ட் எல்லாம் வரும், எப்ப முடியுதுன்னும் வரும். கடைசி வருஷத்துல இருந்துச்சுன்னா, ரினியூவல் போட்டாச்சா சார்னு இன்டர்வியூலயே கேட்டுடுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க.