ஏழு சாக்குத் தேயிலை எப்படி ஒரே சாக்கு ஆனது?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் எடைச்சீட்டு நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நிரல் எழுதியவர் வேறு, தொழிற்சாலை வேறு, பிழை மட்டும் போன தடவை பார்த்த அதே பிழை. அடுத்து கேட்பவருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

ஒரு விவசாயி இன்றைக்கு இரண்டு சாக்கு பசுந்தேயிலை போடுவார், நாளைக்கு ஒன்பது போடுவார். அதனால் 'கணக்கு' என்ற கிளாஸில் (தொடர்புள்ள நிரல் துண்டுகளின் தொகுப்பு) இருக்கும் 'பதி' மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எத்தனை எடை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். பைத்தான் நிரல்மொழியில் அதன் தலைப்பு, அதாவது எதையெல்லாம் வாங்கும் என்று சொல்லும் முதல் வரி: பதி(விவசாயி, *எடைகள்). எடைகளுக்கு முன்னால் இருக்கும் * குறிதான் ஸ்டார். மொத்த எடை தராசிலிருந்து தனியாக வந்துவிடும். வந்த எடைகளை எண்ணி, சாக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று வெறும் சாக்கின் எடையைக் கழிப்பதுதான் இதன் வேலை. அப்புறம் மழைக்காலம் வந்தது. நனைந்த இலைக்கு ஈரக் கழிவு பிடிக்க அந்தக் கிளாஸுக்குக் கீழே, அதை ஒட்டி ஒரு சப்கிளாஸ் எழுதினார்கள். அதிலும் அதே தலைப்போடு ஒரு 'பதி'. அது தன் வேலையை முடித்துவிட்டு, மேலே இருக்கும் கிளாஸின் மெத்தடை இப்படிக் கூப்பிட்டது: பதி(விவசாயி, எடைகள்).

கூப்பிட்ட இடத்தில் ஸ்டார் இல்லை. நிரல் நிற்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஏழு சாக்கு போட்டவர் சீட்டில் 'சாக்கு: 1' என்று அச்சாகியது. மற்ற ஆறு வெறும் சாக்கின் எடை கழியாமல், அதற்கும் இலை விலையே போனது. இதை முதலில் கவனித்தது அலுவலகம் இல்லை, ஒரு விவசாயி. "ஏழு மூட்டை போட்டேன், ஒன்னுன்னு வருதுங்களே" என்று அவரேதான் வந்து கேட்டிருக்கிறார்.

எழுதிய தம்பியிடம் கேட்டால், எல்லோரும் சொல்லும் பதிலையே சொன்னார்: "வாங்குற இடத்துல ஸ்டார் போட்டிருக்கேனே சார், அப்ப பலதாத்தானே போகும்?" போகாது. இதைத்தான் எத்தனை தடவை சொல்வது? தலைப்பில் இருக்கும் ஸ்டாருக்கு 'வருவதையெல்லாம் ஒன்றாகக் கட்டு' என்று பொருள். மெத்தடுக்குள் நுழைந்த பிறகு 'எடைகள்' என்பது ஏழு எண்கள் இல்லை, ஏழு எண்களைக் கொண்ட ஒரே ஒரு டுயூபிள், அதாவது ஒரு கட்டு. அதை அப்படியே அனுப்பினால் எதிர்முனைக்குக் கிடைப்பது ஒரு பொருள். அங்கே இருக்கும் ஸ்டார் அந்த ஒன்றை இன்னொரு டுயூபிளுக்குள் கட்டும். எண்ணினால் ஒன்றுதான் வரும். கூப்பிடும் இடத்தில் போடும் ஸ்டார் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது, கட்டை அவிழ்க்கிறது. குறி ஒன்று, வேலை இரண்டு. பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் ஸ்டாருக்குப் பதில் போடும் மூன்று புள்ளிக்கும் (...) இதே கதைதான். பிஎச்பியில் 5.6 பதிப்பில், 2014இல் வந்தது, ஜாவாஸ்கிரிப்டில் 2015இல்.

ஜாவா மொழியிலிருந்து வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அங்கே 2004இல் வந்த ஜாவா 5 முதல் மூன்று புள்ளி உண்டு, ஆனால் அவிழ்க்கத் தனிக் குறி கிடையாது. அரே (மதிப்புகளின் வரிசை) ஒன்றை அப்படியே கொடுத்தால், வகை பொருந்தும்வரை அதுவே பட்டியலாகப் போய்விடும். அந்தப் பழக்கத்தில் பைத்தானிலும் ஸ்டாரை விட்டுவிடுகிறார்கள். ஜாவாவிலும் நிம்மதி இல்லை. 'ஆப்ஜெக்ட்...' என்று எந்தப் பொருளையும் வாங்கும் மெத்தடுக்கு ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) அரே கொடுத்தால் பிரிந்து போகும், இன்ட் (முழு எண்) அரே கொடுத்தால் முழுசாக ஒரே பொருளாகப் போகும். லிஸ்ட்டாக்கித் தரும் அரேஸ்.ஆஸ்லிஸ்ட்டுக்கு இன்ட் அரே கொடுத்துவிட்டு நீளம் ஏன் 1 என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். (சி மொழியில் மூன்று புள்ளியை அப்படியே இன்னொரு ஃபங்ஷனுக்குக் கடத்தவே முடியாது. அச்சிடும் பிரின்ட்எஃப் பக்கத்தில், மதிப்புகளைக் கட்டாகவே வாங்கும் விபிரின்ட்எஃப் இருப்பது அதற்காகத்தான்.)

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? சோதனை பார்த்தது ஒரு சாக்கை வைத்து. ஒரு எடை கொடுத்தால் ஸ்டார் இருந்தாலும் எண்ணிக்கை 1, இல்லாவிட்டாலும் 1. சரியாகவே தெரியும். தயவுசெய்து ஒன்றை வைத்துச் சோதிக்காதீர்கள். மூன்று கொடுத்துப் பாருங்கள். எதுவும் கொடுக்காமலும் பாருங்கள், ஏனென்றால் ஸ்டார் விட்டுப்போனால் காலி டுயூபிளும் ஒரு பொருளாகப் போய், வராத சாக்குக்கும் கழிவு விழும். இரண்டு நிமிட வேலை இது.

இன்னொன்று, இரட்டை ஸ்டார் (**). பெயரோடு வரும் மதிப்புகளையெல்லாம் ஒன்றாகக் கட்டுவது இது. சப்கிளாஸில் என்ன வருகிறது என்றே பார்க்காமல் எல்லாவற்றையும் இரட்டை ஸ்டாரில் வாங்கி மேலே தள்ளுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. மேலே உள்ள கிளாஸும் அப்படியே வாங்கி, பெயர் இல்லையென்றால் வழக்கமான மதிப்பை எடுத்துக்கொள்கிறது என்றால், 'கழிவு' என்பதை 'களிவு' என்று தட்டினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். வழக்கமான கழிவே விழுந்துகொண்டிருக்கும். இரட்டை ஸ்டாரை எடுத்துவிட்டுத் தெரிந்த பெயர்களைத் தலைப்பில் வெளிப்படையாக எழுதுங்கள், தவறான பெயர் வந்தால் பைத்தானே கத்தும். அதைவிட நல்லது, எடைகளை ஒரு லிஸ்ட்டாகவே வாங்கி லிஸ்ட்டாகவே கடத்துவது. கிளாஸ் கிளாஸாகத் தாண்டிப் போக வேண்டிய தகவலுக்கு ஸ்டார் எதற்கு? எழுத அழகாக இருக்கிறது என்பதைத் தவிர எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

தொழிற்சாலைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கூடுதலாகப் போன தொகையை அடுத்த மாதப் பட்டுவாடாவில் மொத்தமாகப் பிடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம். சாக்கு எண்ணிக்கையைத் தப்பாக அச்சடித்தது உங்கள் நிரல். தராசின் பதிவில் ஒவ்வொரு சாக்கும் தனித்தனியாக இருக்கிறது. அதை வைத்துப் பழைய சீட்டுகளைத் திருத்தி அச்சடித்துக் கையில் கொடுங்கள், பிடித்தத்தை அதற்கப்புறம் தவணையாகப் பேசிக்கொள்ளலாம்.