எள்ளு விதைத்த நிலத்தில் எறும்புக்குப் பொடி போடுவதற்கு முன்

காலபோக நெல்லை வெட்டி முடித்ததும் வன்னியில் துணுக்காய், மல்லாவிப் பக்கங்களில் எள்ளு விதைப்பார்கள். விவசாயப் போதனாசிரியரான எனக்கு அந்த நாட்களில் அதிகம் வருவது, விதைத்த எள்ளை எறும்பு இழுத்துப் போகிறது என்ற முறைப்பாடுதான். சென்ற ஆண்டு ஒரு பெரியவர், "தம்பி, மூன்று தடவை பொடி போட்டுவிட்டேன். பத்து நாளில் திரும்பவும் அதே வரிசை" என்று கையை விரித்தார். வரம்பெல்லாம் பூச்சிநாசினித் தூள். அதன்மேல் அவருடைய கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. எனக்கு நெஞ்சு பதறியது.

வரிசையில் ஓடும் எறும்புகள் கூட்டத்தில் ஒரு பங்குதான். அமெரிக்க ஆய்வாளர்கள் சிற்றெறும்பு இனம் ஒன்றைக் கவனித்து 2017 இல் எழுதினார்கள்: வேலைக்கார எறும்புகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பெரும்பாலும் சும்மா இருந்தன. மிகச் சுறுசுறுப்பான 20 சதவீதத்தை அகற்றியபோது, ஏறத்தாழ ஒரு வாரத்தில் சும்மா இருந்தவை அந்த இடத்தை நிரப்பின. நம் நிலத்து எறும்புகள் வேறு இனங்கள். ஆனாலும் பெரியவரின் பத்து நாள் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பொடியில் மடிபவை வெளியே வந்தவை. ராணி ஆழத்தில் இருக்கிறது.

இத்தனை எறும்புகளைச் சும்மா வைத்திருப்பது கூட்டுக்குக் கட்டுப்படியாகுமா? விதை சேர்க்கும் எறும்பினம் ஒன்றின் கூட்டங்களை முழுதாக வைத்து அளந்த 2010 ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு உதவுகிறது. கூட்டத்தின் எடை இரட்டித்தாலும் சக்திச் செலவு இரட்டிக்கவில்லை, ஏறத்தாழ 1.7 மடங்குதான் ஆனது. பெரிய கூட்டங்களில் மெதுவாக நடமாடுபவை அதிகம். தலைக்கு ஆகும் செலவு குறைவதால் பெருங்கூட்டம் தாக்குப்பிடிக்கிறது.

அந்தப் பெருங்கூட்டம் நமக்கு வேண்டியதும்கூட. வன்னியின் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும். முதல் மழை மேலாலேயே ஓடிவிடும். எறும்பு குடைந்த வழிகளில் நீர் கீழே இறங்குகிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலமொன்றில், எறும்பையும் கறையானையும் மருந்தடித்து அகற்றிய பாத்திகளைவிட, விட்டுவைத்த பாத்திகளில் கோதுமை 36 சதவீதம் கூடுதலாக விளைந்தது. நீரோடு தழைச்சத்தும் மண்ணில் கூடியிருந்தது. 2011 இல் இதைப் படித்த நாள் முதல் வரம்புக் கூடுகளை அழிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஈரம் இருக்கும்போதே விதையுங்கள். விதைத்த அன்றே நிலத்தில் முட்கொப்பு இழுத்து விதையை மண்ணால் மூடுங்கள். காக்க வேண்டியது முளைக்கும்வரையான சில நாட்களைத்தான்.

இந்த முறை பெரியவர் அப்படியே செய்தார். நான் புறப்படும்போது முற்றத்துப் பப்பாசியைக் காட்டினார். இலையில் வெள்ளைப் பஞ்சுபோல் படியும் வெண்மூட்டுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கைம்மாறாக, பூச்சியைத் தின்ன வரும் எதிரிகளை அது விரட்டும். இங்கே மட்டும் தடுக்கத்தான் வேண்டும். அடிமரத்தில் பொலித்தீன் சுற்றிக் கிறீஸ் பூசினோம். பூச்சி படிந்த இலைகளைச் சவர்க்கார நீரால் கழுவினோம். பொடிப் பையை அவர் எடுக்கவில்லை.